காத்திருக்கச் செய்யும் ஊசி

எங்கள் பங்கின் பாதுகாவலர் திருவிழா பத்து நாள் நடைபெறும். வெளியூர்களில் பிழைக்கச் சென்ற பிள்ளைகள் எட்டாம் நாள், ஒன்பதாம் நாள் அளவில்தான் ஊர் வந்து சேர்வார்கள். சென்ற ஆண்டு எட்டாம் நாள் பிற்பகல், ஓர் இளம்பெண் தம் மாமியாரோடு பங்கு இல்லத்து வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு துணிப்பை. பைக்குள் பனிக்கட்டிப் பொட்டலங்களுக்கு நடுவே இரண்டு சிறிய அட்டைப் பெட்டிகள்.

"சாமி, அலங்கார விளக்கு போட்டதிலிருந்து எங்கள் தெருவில் மின்சாரம் நிலையாக இல்லை. இது கெட்டுப்போனால் மறுபடி வாங்கக் கட்டாது. இரண்டு நாளைக்கு உங்கள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள்" என்றார் மாமியார். என்ன மருந்து என்று நான் கேட்கவில்லை. திருப்பலி இரசப் புட்டிக்கும் சமையல்காரர் உறையூற்றி வைத்திருந்த தயிருக்கும் நடுவே அவற்றுக்கு இடம் செய்து கொடுத்தேன்.

மாலை ஏழு மணிக்கு ஊசி போட்டாக வேண்டுமாம். நேரம் தவறக்கூடாதாம். கணவர் விழாக் குழுவில் அகப்பட்டுக்கொண்டு எங்கோ பந்தற்காரரோடு வாதாடிக் கொண்டிருந்தார். அந்தப் பெண் தாமே போட்டுக்கொள்ள முயன்றார், கை நடுங்கியது. பீடத்துக்குப் பூ வைக்க வந்திருந்த முதிய கன்னியர் ஒருவர் அதைப் பார்த்தார். நாற்பது ஆண்டுகள் மருந்தகங்களில் செவிலியாகப் பணியாற்றியவர். மறுபேச்சின்றி ஊசியை வாங்கி, பொடியை நீரில் கரைத்து, வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பிடித்துப் போட்டுவிட்டு, பூவைத் தொடுக்கப் போய்விட்டார்.

மறுநாள் காலைத் திருப்பலி முடிந்ததும் இருவரும் தனித்தனியே என்னைத் தேடி வந்தார்கள். முதலில் வந்தவர் அந்தச் சகோதரி. "ஃபாதர், பெட்டிக்குள் இருந்த தாளை இரவு கண்ணாடி போட்டுப் படித்தேன். முட்டை வெளிவருவதைத் தடுக்கும் மருந்து என்று இருக்கிறது. நான் கருத்தடை ஊசியா போட்டுவிட்டேன்?" என்றார். அரைமணி நேரம் கழித்து அந்தப் பெண் வந்தார். "ஃபாதர், கருத்தடை பாவம் என்று திருமணத் தயாரிப்பு வகுப்பில் எங்களுக்குச் சொன்னீர்கள். இப்போது குழந்தை வேண்டும் என்பதற்காகவே முட்டையைத் தடுக்கும் ஊசி போட்டுக்கொள்கிறேன். நான் செய்வது என்ன என்று எனக்கே விளங்கவில்லை" என்றார்.

இதை எழுத அவ்விருவரும் இசைவு தந்திருக்கிறார்கள். ஒப்புரவு அருட்சாதனத்தில் பேசிய செய்தி எதுவும் இதில் இல்லை. ஒரே நாளில், ஒரே மருந்தைக் குறித்து, ஒருவர் போட்டவராகவும் மற்றவர் போட்டுக்கொண்டவராகவும் வந்து கேட்ட கேள்விக்கு, முப்பது ஆண்டுக் குருத்துவ வாழ்வில் நான் இவ்வளவு தடுமாறியதில்லை. அந்தத் தடுமாற்றத்தை வாசகர்களோடு பகிர்ந்துகொள்வது பயன் தரும் என்று எண்ணுகிறேன். நம் பங்குகளில் இந்த ஊசி இன்று புதுமையன்று. சொல்லாமல் போட்டுக்கொள்கிறார்கள், அவ்வளவே.

மருந்தின் வேலையை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். அறநெறி பேசுகிற எங்களைப் போன்றோர் இந்த இடத்தைத் தாண்டிக் குதித்துவிடுவதால்தான் பாதிக் குழப்பம் விளைகிறது. இயல்பான ஒரு மாதத்தில் பெண்ணின் சினைப்பையில் பொதுவாக ஒரே ஒரு முட்டைதான் முழு வளர்ச்சி அடைகிறது. அது வளர வளர, அதைச் சூழ்ந்துள்ள உறை ஈஸ்ட்ரோஜன் என்னும் இயக்குநீரைச் சுரக்கிறது. இரத்தத்தில் அதன் அளவு உயர்ந்து நின்றால், முட்டை முற்றிவிட்டது என்று மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி அறிந்து, எல்.எச். என்னும் வேறோர் இயக்குநீரைப் பெருகவிடுகிறது. அந்தப் பெருக்கு தொடங்கி ஏறத்தாழ 36 மணி நேரத்தில் முட்டை உறையை உடைத்துக்கொண்டு வெளிவருகிறது.

குழந்தைப் பேற்றுக்கான சிகிச்சையில், நாள்தோறும் ஊசி செலுத்திப் பல முட்டைகளை ஒருங்கே வளரச் செய்கிறார்கள். பல உறைகளும் சேர்ந்து சுரப்பதால் ஈஸ்ட்ரோஜன் விரைந்து உயர்கிறது. பிட்யூட்டரி ஏமாந்துபோய், முட்டைகள் முற்றுமுன்னரே எல்.எச். பெருக்கைத் திறந்துவிடக்கூடும். அப்படி முந்தி வெளிவந்த முட்டைகளை மருத்துவரால் சேகரிக்க முடியாது. ஒரு மாத உழைப்பும் பணமும் வீணாகும். முன்பெல்லாம் இதைத் தடுக்க, பிட்யூட்டரியை முதலில் தூண்டிப் பின் சோர்வடையச் செய்யும் மருந்துகளை இரண்டு வாரம் அளவுக்கு முன்கூட்டியே தொடங்க வேண்டியிருந்தது. 1990-களின் இறுதியில் சீட்ரோரெலிக்ஸ், கனிரெலிக்ஸ் என்னும் மருந்துகள் நடைமுறைக்கு வந்தன. மூளையிலிருந்து பிட்யூட்டரிக்கு வரும் கட்டளை எந்தப் பூட்டில் சாவியாக நுழைய வேண்டுமோ, அந்தப் பூட்டுத் துளையில் இவை முன்கூட்டிப் போய் அமர்ந்துகொள்கின்றன. சில மணி நேரத்திலேயே கதவு அடைபட்டுவிடும். முட்டை வளர்க்கும் ஊசி தொடங்கிய ஐந்தாம் அல்லது ஆறாம் நாள் முதல், நாளொன்றுக்கு 0.25 மில்லிகிராம் அளவில் வயிற்றுத் தோலடியில் போடுகிறார்கள். முட்டைகள் போதிய அளவு வளர்ந்ததும், முற்றச் செய்யும் வேறோர் ஊசி. அதற்கு ஏறத்தாழ 36 மணி நேரம் கழித்து, அவை தாமாக வெளிவரும் தறுவாயில், ஸ்கேன் பார்த்தபடியே நுண்ணிய ஊசியால் உறிஞ்சி எடுக்கிறார்கள்.

அந்த மூளைக் கட்டளை, பத்து அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சிறு சங்கிலி. இலட்சக்கணக்கான பன்றிகள், ஆடுகளின் மூளைகளிலிருந்து துளித்துளியாகப் பிரித்தெடுத்து ஆராய்ந்த ஷாலி, கிமென் என்னும் இரு அறிஞர்களுக்கு 1977-இல் நோபெல் பரிசு கிடைத்தது. மூளையின் வார்த்தை ஒன்றைக் கற்றுக்கொண்டுதான் அதை இடைமறிக்கவும் மனிதன் கற்றான்.

இப்போது அந்தப் பெண்ணின் கேள்விக்கு வருவோம். முட்டை வெளிவருவதைத் தடுப்பதாலேயே இது கருத்தடை ஆகிவிடுமா? ஆகாது. இதில் எனக்கு ஐயம் சிறிதும் இல்லை. தொண்ணூறுகளில் குருமடத்தில் எங்களுக்கு அறநெறி இறையியல் கற்பித்த பேராசிரியர், செயலின் பொருள், நோக்கம், சூழ்நிலை என்னும் மூன்றையும் கரும்பலகையில் எழுதிவிட்டு, "உடலில் என்ன நடக்கிறது என்பது செயலின் பொருள் ஆகாது, மனிதன் தெரிந்துகொண்டு எதைச் செய்கிறான் என்பதே பொருள்" என்று சொல்லிச் சொல்லி அலுக்கமாட்டார். அறுவை மருத்துவரும் கொலைகாரனும் கத்தியால் வயிற்றைத் திறப்பது உடலளவில் ஒரே நிகழ்ச்சிதான். திருத்தந்தை ஆறாம் பவுல் 1968-இல் வெளியிட்ட சுற்றுமடல் விலக்குவது, இல்லற உறவைக் கருவுறாததாக ஆக்கும் எண்ணத்தோடு செய்யும் செயலை. நோய் தீர்க்கும் மருந்தால் கருவுறுதல் தடைபட்டாலும், அந்தத் தடையை நேரடியாக நாடாதவரை அம்மருந்தைப் பயன்படுத்துவதை அதே மடல் ஏற்றுக்கொள்கிறது. இந்த ஊசியோ உறவைக் கருவற்றதாக்க வந்ததன்று. கருவை நாடியே வந்தது.

அப்படியானால், கடவுள் குறித்த நேரத்தை மனிதன் தள்ளிப்போடலாமா என்று ஒரு கேள்வி எழும். நம் மக்கள் இதை அடிக்கடி கேட்கிறார்கள். இயற்கைச் சட்டம் என்று திருச்சபை சொல்வதை உடலின் கால அட்டவணை என்று எண்ணிக்கொள்வதால் வரும் கேள்வி இது. பேறுகால வலி தளரும்போது மருந்தேற்றி வலியை வருவிக்கிறோம். முந்தி வரும் வலியை மருந்தால் நிறுத்தி, குழந்தைக்குச் சில நாள் அவகாசம் பெறுகிறோம். அதனால் யாரும் இறைவனின் கடிகாரத்தைத் திருத்திவிட்டதாகக் குற்றம் சாட்டுவதில்லை. அறிவும் இறைவன் தந்த இயற்கையே.

மலட்டுத்தன்மைக்கு மருந்து தேடுவதை விவிலியமும் கடிந்துகொள்ளவில்லை. இராகேல் தன் அக்காள் லேயாவிடமிருந்து தூதாயிம் கனிகளைப் பெற ஓர் இரவின் உரிமையையே விட்டுக்கொடுத்தாள். அன்றைய நம்பிக்கைப்படி அது கருத்தரிக்கச் செய்யும் மூலிகை. மருந்தை வாங்கியவள் கருவுறவில்லை, விற்றவள் கருவுற்றாள் என்பது தொடக்க நூல் ஆசிரியரின் மெல்லிய நகைச்சுவை. ஆனால் மருந்து தேடியதற்காக இராகேலை அவர் பழிக்கவில்லை. பின்னர் ஆண்டவர் அவளை நினைவுகூர்ந்தார் என்று முடிக்கிறார்.

இங்கே, பலரும் அறியாத ஒரு செய்தியைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. முட்டையை வளர்க்கும் ஊசிமருந்து முன்பு எங்கிருந்து கிடைத்தது தெரியுமா? மாதவிடாய் நின்ற பெண்களின் சிறுநீரில் அந்த இயக்குநீர் மிகுதியாக வெளியேறுகிறது. இத்தாலியில் செரோனோ மருந்து நிறுவனத்தைச் சேர்ந்த தொனினி என்னும் அறிவியலார் அதைப் பிரித்தெடுத்தார். அளவிட முடியாத சிறுநீர் தேவைப்பட்டது. கருவுற்ற ஒருத்தியின் சிறுநீர் கலந்துவிட்டாலும் மருந்து பழுதாகும். ஆகவே முதிய கன்னியர்கள் வாழ்ந்த இல்லங்களை நாடினார்கள். அந்நிறுவனத்தின் ஆட்சிக் குழுவில் இருந்த, திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதரின் தமையன் மகன் ஜூலியோ பச்சேல்லி அதற்கு வழிசெய்தார். கற்பு வார்த்தைப்பாடு தந்து, பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சும் பேற்றை இறைவனுக்காக விட்டுக்கொடுத்த மூதாட்டிகளின் உடற்கழிவிலிருந்து எடுத்த மருந்தால், 1962-இல் இஸ்ரயேலில் ஒரு பெண் பிள்ளை பெற்றாள். எங்கள் சகோதரியிடம் இதைச் சொன்னபோது முதலில் முகம் சுளித்தார். பிறகு வெகுநேரம் சிரித்தார்.

இதையும் சேர்த்தே எண்ண வேண்டும். அதே பத்திநாதர்தாம் 1956-ஆம் ஆண்டு மே திங்களில், கருவுறுதலையும் மலட்டுத்தன்மையையும் குறித்து உலக மாநாடு நடத்திய மருத்துவர்களிடம், பிள்ளையில்லாத் துயரின் ஆழத்தைப் பரிவோடு எடுத்துரைத்துவிட்டு, உடலுக்கு வெளியே கருத்தரிக்கச் செய்யும் முயற்சியை முற்றிலும் விலக்கினார். அப்போது அத்தகைய குழந்தை உலகில் பிறந்திருக்கவில்லை. இங்கிலாந்தில் லூயிஸ் பிரவுன் பிறந்தது 1978-இல், இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து.

ஆகவே உண்மையான கேள்வி ஊசியில் இல்லை. ஊசி எதற்காகக் காத்திருக்கச் செய்கிறது என்பதில் இருக்கிறது. விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 1987-இலும் 2008-இலும் வெளியிட்ட இரு ஆவணங்களும் இதில் தெளிவாகவே பேசுகின்றன. கருவுறத் தடையாயிருக்கும் குறையை நீக்கும் இயக்குநீர் சிகிச்சை, அடைபட்ட கருக்குழாயைத் திறக்கும் அறுவை ஆகியவை ஏற்கத்தக்கவை. இல்லற உறவுக்குத் துணை நிற்பவை அவை. அந்த உறவின் இடத்தைத் தாமே எடுத்துக்கொண்டு, ஆய்வுக்கூடத்தில் கருவை உண்டாக்குபவை ஏற்கத்தக்கவை அல்ல. இதே மருந்து கணவன் மனைவியின் இயல்பான உறவுக்குத் துணையாகும் சிகிச்சை ஒன்றில் பயன்படுமாயின், அதன்மேல் குற்றம் சுமத்த இடமில்லை.

இந்த வேறுபாடு ஏட்டுச் சுரைக்காய் என்று பலர் எண்ணுகிறார்கள். குழந்தை ஏங்கும் வீட்டில் இதைச் சொன்னால் அப்படித்தான் ஒலிக்கும். ஆயினும் நம் தமிழ்மொழியைக் கொஞ்சம் கேட்டுப் பாருங்கள். தாய் தந்தையரை நாம் 'பெற்றோர்' என்கிறோம். மகப்பேறு, பிள்ளைப்பேறு என்கிறோம். ஈன்றெடுப்பதற்கும் கையேந்தி வாங்குவதற்கும் நம் முன்னோர் வைத்த வினை ஒன்றே: பெறுதல். ஆக்கியோர் என்றோ செய்தோர் என்றோ அவர்கள் சொல்லவில்லை. பெறுகிறவனுக்குப் பொருளின்மேல் முன்னுரிமை இல்லை. தரம் பார்த்துத் திருப்பி அனுப்ப முடியாது. மிகுந்ததை ஒதுக்கி வைக்க முடியாது. செய்கிறவனுக்கு இவை எல்லாம் முடியும். பத்து முட்டைகளை எடுத்து, எட்டைக் கருவாக்கி, இரண்டைத் தேர்ந்து, ஆறை உறைபனியில் வைக்கும்போது, அன்பான தாய் தந்தையரும் தாம் அறியாமலே செய்வோர் வரிசைக்கு நகர்ந்துவிடுகிறார்கள். திருச்சபை அஞ்சுவது இந்த நகர்வைத்தான். இவ்வழியில் பிறந்த குழந்தையை அது ஒருநாளும் குறைவாகக் கண்டதில்லை. எவ்வழியில் வந்தாலும் குழந்தை இறைவனின் உயிருள்ள கொடையே என்று 1987-ஆம் ஆண்டு ஆவணமே சொல்கிறது.

இவ்வளவையும் நான் பல ஆண்டுகளாக அறிவேன். அறிந்ததால் என்ன செய்தேன் என்பதையும் எழுதியாக வேண்டும். பதினைந்து ஆண்டுகளுக்கு முன், வேறொரு பங்கில், ஒரு தம்பதியர் இதே செய்தியோடு வந்தார்கள். நான் ஒரு கூட்டத்துக்குக் கிளம்பி, வண்டியில் கால் வைத்திருந்தேன். "திருச்சபை அதை அனுமதிப்பதில்லை" என்று சொல்லிவிட்டு, தத்தெடுப்பதைப் பற்றி ஒரு வாக்கியமும் சேர்த்துவிட்டுப் போய்விட்டேன். மூன்று நிமிடம் ஆகியிருக்காது. இரண்டு ஆண்டு கழித்து அவர்களுக்கு ஒரு மகள் பிறந்தாள். நான் திருமுழுக்குத் தர மறுத்துவிடுவேன் என்று அஞ்சி, நாற்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு பங்கில், உறவினர் முகவரி கொடுத்துத் திருமுழுக்குப் பெற்றுக்கொண்டார்கள் என்று பின்னர்க் கேள்விப்பட்டேன். நான் சொன்ன போதனையில் பிழையில்லை. அந்தக் குழந்தையின் திருமுழுக்கைத் திருட்டுத்தனமாக நடத்த வைத்தது என் மூன்று நிமிடம்தான்.

எனவே இம்முறை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். கணவரையும் பந்தலிலிருந்து வரவழைத்தேன். மணம் முடித்து ஒன்பது ஆண்டுகள். குறை எவரிடம் என்பதை இங்கே எழுதமாட்டேன். ஆனால் ஒன்றைப் பொதுவாகச் சொல்ல வேண்டும். மலட்டுத்தன்மையில் ஏறத்தாழ பாதி நேர்வுகளில் ஆணின் குறைக்கும் பங்கு உண்டு என்கிறது மருத்துவம். ஆணிடம் மட்டுமே குறை இருந்தாலும், ஊசி குத்துவது பெண்ணின் வயிற்றில்தான். ஆணின் அணுவை முட்டைக்குள் நேரே செலுத்தும் முறையை 1992-இல் பெல்ஜிய மருத்துவர்கள் அறிவித்த பிறகு இது இன்னும் பெருகிவிட்டது. 'மலடி' என்ற சொல் நம் பேச்சில் உண்டு. அதற்கு இணையாக நம் ஊர்களில் ஓர் ஆணைப் பார்த்து வீசும் சொல்லை நான் அடிக்கடி கேட்டதில்லை.

அவர்களிடம் நான் கேட்டது ஒன்றே: எத்தனை முட்டைகளைக் கருவாக்கப் போகிறார்கள், மீதியை என்ன செய்வார்கள்? இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தாள்களில் கையொப்பம் இட்டிருக்கிறார்கள். எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தன. பணம் கட்டும் நாளில், நகையை அடகு வைத்த சீட்டு கையில் இருக்க, எவர்தான் பக்கம் பக்கமாகப் படிப்பார்? 2021-ஆம் ஆண்டு நம் நாட்டில் வந்த உதவி இனப்பெருக்கத் தொழில்நுட்பச் சட்டம் கருக்களைப் பத்து ஆண்டு வரை உறைநிலையில் வைக்க இடம் தருகிறது. அதன்பின் அவற்றை அழியவிட வேண்டும், அல்லது தம்பதியர் இசைந்தால் ஆய்வுக்குக் கொடுக்க வேண்டும். இதை நான் சொன்னபோது அந்தப் பெண் மெல்லக் கேட்டார்: "அப்போது எனக்கு ஏற்கெனவே பிள்ளைகள் இருக்கும், ஆனால் பெட்டியில் இருக்கும், அப்படியா ஃபாதர்?"

என்னால் உடனே பேச முடியவில்லை. இதே கேள்வியின் முன்னால் திருச்சபையும் ஏறத்தாழ இதே நிலையில்தான் நிற்கிறது. உலகெங்கும் கைவிடப்பட்டு உறைந்து கிடக்கும் கருக்களை என்ன செய்வது என்று ஆராய்ந்த 2008-ஆம் ஆண்டு ஆவணம், முன்வைக்கப்பட்ட வழிகள் ஒவ்வொன்றையும் எடுத்து நோக்கி, இது தீர்வு காண இயலாத அநீதி என்று ஒப்புக்கொள்கிறது. எல்லாவற்றுக்கும் விடை வைத்திருப்பதாக நம்மைப் பற்றிச் சொல்வார்கள். இங்கே விடை இல்லை. விடையில்லாத இடத்துக்கு ஒருவரை நடத்திச் செல்லும் பாதையின் முகப்பிலேயே அதைச் சொல்லிவிடுவது நேர்மை.

திருச்சபையின் போதனையை அவர்களிடம் முழுமையாகச் சொன்னேன். குறைத்துச் சொல்லவில்லை. பெரும்பாலான சுழற்சிகள் குழந்தைப் பேற்றில் முடிவதில்லை என்பதையும் சொன்னேன். அது மருத்துவர் சொல்ல வேண்டியது, சொல்லியும் இருந்தார். அன்று மாலை ஊசியைப் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். மருத்துவரைக் கேளாமல் பாதியில் மருந்தை நிறுத்தச் சொல்வது என் பணியன்று. பல முட்டைகள் வளர்ந்து நிற்கும் உடலில் அது ஆபத்தாகவும் முடியலாம். அதற்கும் மேலாக எனக்கு ஒன்று தோன்றியது. அன்றைய ஊசி இன்னும் எதையும் முடித்துவிடவில்லை. எந்தக் கருவும் அதனால் உண்டாவதில்லை, எந்தக் கருவும் அழிவதில்லை. அது வாங்கித் தருவது காலம் ஒன்றைத்தான். மருத்துவர் அந்தக் காலத்தைத் தம் அறுவை அரங்குக்காக வாங்குகிறார். அவர்கள் அதே காலத்தைத் தங்கள் மனச்சான்றுக்காக எடுத்துக்கொள்ளலாம். இதைத்தான் சொன்னேன்.

சகோதரியின் கேள்வி மீதியிருந்தது. பிறர் செய்யும் தவற்றில் உடந்தையாதல் பற்றிப் பழைய அறநெறி நூல்கள் நுணுக்கமாகப் பேசும். தவறான எண்ணத்தில் பங்குகொள்வது ஒன்று; எண்ணத்தில் பங்கின்றிச் செயலில் மட்டும் துணைபோவது மற்றொன்று. பின்னதிலும் அண்மை, தொலைவு என்று படிகள் உண்டு. என் குளிர்சாதனப் பெட்டி இதில் எந்தப் படியில் நிற்கிறது என்று எங்கள் பேராசிரியர் இருந்திருந்தால் ஒரு பாடவேளை முழுவதும் பேசியிருப்பார். சகோதரியிடம் சுருக்கமாகச் சொன்னேன்: முந்தின மாலை நீங்கள் கண்டது நடுங்கும் ஒரு கை, அதற்குத்தான் துணைசெய்தீர்கள், அதில் பாவம் இல்லை. இன்று மாலை உங்களுக்கு விவரம் தெரியும். கட்டாயம் இல்லை. அந்தப் பெண்ணே போட்டுக்கொள்வார், அல்லது கணவர் கற்றுக்கொள்வார். சகோதரி சற்று யோசித்தார். "கணவர் கற்றுக்கொள்ளட்டும் ஃபாதர், அதுதான் முறை. ஆனால் நான் பக்கத்தில் நிற்பேன்" என்றார். இறையியல் படிக்காதவர். நான் இரவெல்லாம் தேடிய வேறுபாட்டை நொடியில் தொட்டுவிட்டார். அன்று ஏழு மணிக்கு, தேர் புறப்பட வேட்டு முழங்கிக்கொண்டிருக்க, பங்கு இல்லத்துக் கூடத்தில் அந்தக் கணவர் வியர்த்து வழிய முதன்முறையாகத் தம் மனைவிக்கு ஊசி போட்டார். எட்டு நாளாக அவள் ஊசி குத்திக்கொண்டிருக்கிறாள், எப்படி வலிக்கும் என்று இன்றுதான் கேட்கத் தோன்றியது என்று பிறகு என்னிடம் சொன்னார்.

விழா முடிந்து நகருக்குத் திரும்பியவர்கள் நான்கு நாள் கழித்துத் தொலைபேசியில் பேசினார்கள். சிகிச்சையை விட்டுவிட அவர்களால் முடியவில்லை. ஆனால் இரண்டு முட்டைகளை மட்டுமே கருவாக்க வேண்டும், இரண்டையும் கருப்பையில் வைக்க வேண்டும், எதையும் உறைபனியில் வைக்கக்கூடாது என்று மருத்துவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டார்களாம். வாய்ப்பு குறையும் என்று மருத்துவர் எச்சரித்தாராம். நான் மகிழ்ந்தேனா? திருச்சபை விலக்கிய வழியில்தான் அவர்கள் சென்றார்கள். அதை மறைத்து எழுதுவது பொய்யாகும். பெரிய தீமைக்குத் துணிந்துவிட்ட ஒருவரைச் சிறியதன்பால் திருப்புவது தகும் என்று புனித அல்போன்ஸ் லிகோரியார் கருதினார். எல்லா அறிஞரும் அதற்கு உடன்படவில்லை. நான் அவரோடு நிற்கிறேன். ஆயினும் நான் அவர்களிடம் இரண்டு என்ற எண்ணைச் சொல்லவில்லை. மீதியை என்ன செய்வார்கள் என்று கேட்டதோடு சரி. எண்ணை அவர்களே கண்டடைந்தார்கள். அதன்பின் ஒப்புரவு அருட்சாதனத்தில் எவரிடம் என்ன சொன்னார்கள், சொன்னார்களா என்பதைப் பற்றி எழுத எனக்கு உரிமை இல்லை.

இரண்டும் தங்கவில்லை.

இந்த ஆண்டு திருவிழாவுக்கும் அவர்கள் வந்திருந்தார்கள். மாமியார் வழக்கம்போல் பங்கு இல்லத்துக்கு முறுக்கு கொண்டுவந்தார். எங்கள் பங்கில் ஏழாம் நாள் திருப்பலி முடிவில் ஒரு வழக்கம் உண்டு. குழந்தை வரம் வேண்டுவோர் பீடத்தின் முன் வாருங்கள் என்று அழைத்து, கைவிரித்துச் சிறப்பு மன்றாட்டுச் சொல்வோம். எனக்கு முன்னிருந்த பங்குத்தந்தையர் காலத்திலிருந்து நடப்பது, நல்லெண்ணத்தோடு நடப்பது. இவ்வாண்டு வேலை மாற்றலால் அவர்கள் ஆறாம் நாளே ஊர் வந்துவிட்டார்கள். அன்று அந்தப் பெண்ணிடம் நாளைத் திருப்பலிக்கு வருகிறீர்களா என்று கேட்டேன். "ஃபாதர், ஒன்பது ஆண்டாக அந்த மன்றாட்டுக்கு முன்னே வந்து நின்றிருக்கிறேன். நூறு ஊசி போட்டிருப்பேன். என் இடத்திலிருந்து எழுந்து எல்லார் கண்ணுக்கும் முன்னால் பீடம் வரைக்கும் நடக்கிற அந்த முப்பது அடி தூரம்போல் எதுவும் வலித்ததில்லை. அதனால்தான் போன ஆண்டு எட்டாம் நாளுக்கு வந்தேன்" என்றார்.

ஏலியின் முன்னால் அன்னா உதட்டை மட்டும் அசைத்து மன்றாடியதை அந்தக் குரு குடிவெறி என்று எண்ணிவிட்டார். அன்னா அன்று யார் அழைத்தும் முன்னே வரவில்லை என்பதை அந்தப் பகுதியை எத்தனையோ முறை வாசித்தும் நான் கவனித்ததில்லை.

மறுநாள் மன்றாட்டைச் சொன்னேன். எவரையும் முன்னே அழைக்கவில்லை. அனைவரும் தத்தம் இடத்திலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, கையை விரித்துக்கொண்டு நடுவழியே கோவிலின் கடைசி வரிசை வரை நடந்து போய்த் திரும்பினேன். விழாக் குழுவினர் சிலர், பழைய வழக்கத்தை ஏன் மாற்றினீர்கள் என்று இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.